ஒரே எடை, இரண்டு தராசு

திருவனந்தபுரத்தில் ஜிம்மி ஜார்ஜ் உள்ளரங்கம் அருகே ஒரு சாயாக்கடை விவாதம்: அமெச்சூர் குத்துச்சண்டை வீரர் உசத்தியா, தொழில்முறை வீரரா?

'அமெச்சூர்' என்பதை 'கற்றுக்குட்டி' என்று ஒருமுறை மொழிபெயர்த்த பாவம் எனக்கு உண்டு. 1972, 1976, 1980 என மூன்று ஒலிம்பிக்கிலும் தங்கம் வென்ற கியூபாவின் ஸ்டீவன்சன் கடைசிவரை அமெச்சூர்தான்.

இரண்டும் வேறு வேறு வித்தை. அமெச்சூரில் மூன்றே சுற்று. வேகமும் துல்லியமும் ஜெயிக்கும். தொழில்முறைப் பட்டப் போட்டி 12 சுற்று. அடியைத் தாங்கும் உடம்பும் பொறுமையும் வேண்டும். இரண்டு ஒலிம்பிக் தங்கத்தோடு வந்த உக்ரைனின் லோமச்சென்கோ, தனது இரண்டாவது தொழில்முறைப் போட்டியிலேயே (2014) சலிடோவிடம் தோற்றார்.

நம் நாட்டுக் கணக்கைப் பார்ப்போம். விஜேந்தர் சிங், 75 கிலோ: பெய்ஜிங் ஒலிம்பிக்கில் வெண்கலம் (2008), உலகப் போட்டியில் வெண்கலம் (2009). 2015இல் தொழில்முறைக்கு மாறி, வரிசையாக 12 வெற்றி. 2021இல்தான் முதல் தோல்வி.

கண்ணூரின் கே.சி. லேகாவும் அதே 75 கிலோ. 2006இல் டெல்லியில் உலகத் தங்கம். அன்று பெண்கள் பிரிவில் போட்டி குறைவு என்பார்கள், உண்மைதான். ஆனால் பெண்களுக்கு ஒலிம்பிக் கதவு திறந்ததே 2012இல். பணம் தரும் தொழில்முறை மேடையும் இங்கே சொல்லிக்கொள்ளும்படி இல்லை. தயான்சந்த் விருது வந்தது 2021இல், 15 ஆண்டுகள் கழித்து.

யார் உசத்தி என்று கேட்பதற்கு முன், யாருக்கு எந்தக் கதவு திறந்திருந்தது என்று கேட்கலாம். லேகா தொழில்முறைக்குப் போகவில்லை என்பது அவருடைய திறமைக்கான மதிப்பெண் அல்ல, நமக்கானது.