மூப்பில் மறைந்து வரும் நோய்

உடம்பு சுட்டால் நோய், சுடாவிடில் சுகம் என்று கொள்வது நம்மவரிடை நெடுநாள் வேரூன்றிய வழக்கம். இளையோர் திறத்தில் இது பெரும்பாலும் பொருந்தும். எழுபது பிராயங் கடந்தோர் திறத்திலோ இவ்வழக்கமே பல உயிர்களுக்கு யமனாகின்றது என்பது எமது துணிபு.

நம் மாணவருட் பலர் அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லி முதலிய ஊர்களிலிருந்து நாடோறும் வருபவர். ஆவடியிற் கனரக வாகனத் தொழிற்சாலை 1961இல் நிறுவப்பெற்றது. அம்பத்தூர்த் தொழிற்பேட்டை 1964இல் எழுந்தது. அந்நாளில் இருபது வயதினராய் வந்து வேலைக்கமர்ந்தோர் இன்று எண்பதைக் கடந்துவிட்டனர். பிள்ளைகளும் மருமக்களும் வேலைக்குச் சென்றபின் மாலையில் முதலில் வீடு திரும்புவோர் பெரும்பாலும் கல்லூரியிற் பயிலும் பேரப்பிள்ளைகளே. ஆதலின் இதனை இவ்விதழில் எழுதத் துணிந்தோம்.

முதியோரின் இயல்பான உடற்சூடே இளையோரினும் சற்றுக் குறைந்தது. கிருமி புகுந்தவிடத்துச் சூட்டை ஏற்றும் ஆற்றலும் அவர்க்குத் தளர்ந்துவிடுகின்றது. கடுந்தொற்றுற்ற முதியோருள் ஏறக்குறைய நால்வரில் ஒருவர்க்குச் சுரம் காண்பதில்லை. காணினும் மிக மெல்லிதாகவே காணும். மூட்டுவலிக்கென நாடோறும் விழுங்கும் மாத்திரை அவ்வெஞ்சிய சூட்டையும் மறைத்துவிடும். நாளும் 97 டிகிரி காட்டுபவர்க்கு 99 என்பது சுரமேயாம்.

சுரத்துக்கு ஈடாக நோய் வேறு வேடம் புனைந்து வருகின்றது. நேற்றுவரை செய்தித்தாளை வரிவிடாது படித்த பெரியவர் இன்று பேரன் பெயரைத் தவறிச் சொல்கின்றார். நள்ளிரவில் எழுந்து ஆலைக்குப் புறப்பட வேண்டுமென்கின்றார். அல்லது ஓயாது உறங்குகின்றார். கட்டிலினின்று எழும்போது விழுகின்றார். கஞ்சியும் வேண்டாமென்கின்றார். கண்ட வீட்டார் கூறும் விடை ஒன்றே: "வயதாகிவிட்டது." மூப்பு ஓரிரவில் வருவதன்று. மறதிநோயும் மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் மெல்ல மெல்ல வருவதே. ஒரு நாளைக்குள் அறிவு தடுமாறுமாயின் அதற்குத் தனிக் காரணம் ஒன்றுண்டு. அது தொற்றாகலாம், நீர் வறட்சியாகலாம், புதிதாய்த் தொடங்கிய மருந்தாகலாம், சர்க்கரை தாழ்ந்ததாகலாம். எதுவாயினும் அன்றே வைத்தியரிடம் காட்டற்குரியது.

நிமோனியா இருமலின்றியும் வருதலுண்டு. அப்போது அதனைக் காட்டிக்கொடுப்பது மூச்சு. அவர் அமைதியாய் இருக்கையில் மார்பு எழுந்து தாழ்வதை ஒரு நிமிடம் முழுதும் எண்ணுக. 25க்கு மேற்படின் காலந்தாழ்த்தலாகாது. கைக்கடிகாரமன்றி இதற்கு வேறு கருவி வேண்டுவதில்லை. நம் மாணவர் ஒவ்வொருவரும் இதனைப் பழகிக்கொள்ளல் தகும்.

சிறுநீர்த்தொற்றைப்பற்றி மறுதலையான எச்சரிக்கையும் கூறவேண்டும். முதுமையில் யாதொரு துன்பமுமின்றியே சிறுநீரிற் கிருமி இருத்தல் மிகச் சாதாரணம். நாற்றம் கண்டோ, பரிசோதனைத் தாளில் ஒரு வரி கண்டோ மருந்துக்கடையில் நான்கு மாத்திரை வாங்கித் தருதல் தவறு. உண்மையான நோய் வேறிடத்திருக்க அது மறைந்து வளரும். எரிச்சல், அடிவயிற்று வலி, நடுக்கம் முதலியன உளவாயின் அது வேறு.

இனி அக்கி. சிறுபிராயத்தில் வந்த சின்னம்மையின் கிருமி நரம்பில் உறங்கிக் கிடந்து, உடல் தளர்ந்த காலத்து ஒருபுறத்தே பட்டையாகக் கொப்புளித்தெழுவது இது. கொப்புளம் தோன்றுமுன் சில நாள் வலி மட்டும் இருக்குமாதலால் அதனைச் சுளுக்கென்பர், வாயுவென்பர். பின்னர்க் குயவரிடம் சென்று காவி குழைத்து 'அக்கி எழுதுவர்'. எழுதுவோரை நாம் இகழவில்லை. கழியும் நாட்களுக்கே அஞ்சுகின்றோம். கொப்புளம் கண்ட 72 மணி நேரத்துக்குள் மாத்திரை தொடங்கல் வேண்டும். தவறின், புண் ஆறியபின்னும் வலி மாதக்கணக்கில் நின்று முதியோரை உறங்கவொட்டாது வருத்தும். கண்ணருகே வரின் பார்வைக்கே கேடு.

சர்க்கரை நோயுடையார் பாதத்தை நாடோறும் புரட்டிப் பார்த்தல் வேண்டும். அவர்க்குப் புண் வலிப்பதில்லை.

காசநோய் இளைஞர் நோயென்று எண்ணுவாரும் உளர். சிறுவயதில் தோளிற் பெற்ற ஊசி காக்குமென்று நம்புவாரும் உளர். அவ்வூசியை 1968இல் தொடங்கிச் சோதித்தது நம் பக்கத்திலேயே, அந்நாளைய செங்கற்பட்டு மாவட்டத்து ஊர்களிலேதான். வயதுவந்தோர்க்கு வரும் நுரையீரற் காசத்தை அது தடுக்கவில்லை என்பதே கண்ட முடிவு. புகைப்பழக்கமுடைய தாத்தாவின் இருமல் இரண்டு வாரம் கடந்து, இடுப்பு வேட்டியும் தளருமாயின், சளிப் பரிசோதனை அவசியம்.

முதியோர் மருத்துவத்துக்கெனச் சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் 1978இல் தனிப்பகுதி தொடங்கிற்று. 1996இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் அத்துறைக்கு மேற்பட்டப் படிப்பும் வந்தது. ஆயினும் எத்துணைக் கற்ற வைத்தியரும் நோயாளி நேற்று எவ்வாறிருந்தார் என்பதைத் தாமே அறியார். அதனை அறிந்தவர் வீட்டாரே. ஆகவே நமது நாட்டுநலப்பணிக் குழுவினர் இவ்வாண்டு மரக்கன்று நடுவதோடமையாது, தத்தம் தெருவில் உள்ள முதியோர்க்கு அரைத்தாட் குறிப்பொன்று எழுதித் தரலாம்: அவரது இயல்பான சூடு, மூச்சின் எண்ணிக்கை, நடை, உணவு, பேச்சுத் தெளிவு, உண்ணும் மாத்திரைகள். அத்தாள் குடும்ப அட்டையோடு இருக்கட்டும். ஆஸ்பத்திரிக்குச் செல்லுங்கால் அதனை நீட்டி, "நேற்று இவர் இப்படியில்லை" என்பதை முதலிற் கூறுக.