டிக்கெட் மகன் பேரில், வேலை அம்மா பேரில்

"வீட்டு க்ளீனிங்கை முழுசா ஆட்டோமேட் பண்ணிட்டேன்" என்று பெருமை பேசும் ஆண்களை இப்போதெல்லாம் எந்த ஐடி கம்பெனி லஞ்ச் மேஜையிலும் பார்க்கலாம். செய்தது இவ்வளவுதான்: இட்லிப் பானை மூடி மாதிரி வட்டமாக ஒரு ரோபோ வேக்குவம் வாங்கியிருக்கிறார்கள். ஆப்பைத் திறந்து வீட்டின் வரைபடத்தைக் காட்டுவார்கள். ஹால், பெட்ரூம், கிச்சன் எல்லாம் அதில் இருக்கும். அது ஓடுவதற்கு முன்னால் தரையைக் காலி செய்து கொடுத்தவர் எந்த மூலையிலும் தெரியமாட்டார்.

மெஷின் மேல் எனக்குக் கோபமில்லை. தான் எங்கே நிற்கிறோம், அறை எப்படி இருக்கிறது என்ற இரண்டையும் லேசரால் ஒரே நேரத்தில் கணக்குப் போடுவது அழகான பொறியியல். முட்டி தேய்ந்த அம்மாக்கள் குனியாமல் தரை சுத்தமாவதும் சின்ன விஷயமில்லை. என் சண்டை அந்த "முழுசா"வோடுதான்.

நம் வீடுகளில் தரை நடப்பதற்கு மட்டுமா இருக்கிறது? அங்கேதான் உட்கார்ந்து கீரை ஆய்கிறோம். பிள்ளை ஹோம்வொர்க் எழுதுகிறது, பாட்டி பாய் விரிக்கிறாள், காய்ந்த துணி மடிக்க ஆளில்லாமல் மலையாகக் கிடக்கிறது. பல மாடல்களில் லேசர் ஒரே உயரத்தில்தான் சுற்றும். தரையோடு கிடக்கும் சார்ஜர் ஒயர் அதற்குத் தெரியாது. அதனால் யாரோ ஒருத்தர் முதலில் ஒயரைச் சுருட்டி, மிதியடியை எடுத்து, பொம்மைகளைப் பொறுக்கி வழிவிட வேண்டும். விளக்குமாறு இப்படி முன்னேற்பாடெல்லாம் கேட்டதில்லை. பெருக்கும்போதே இடது கையால் ஒதுக்கிக்கொண்டே போகலாம். ஓடி முடித்த பிறகாவது ஓய்வா என்றால் அதுவும் இல்லை. உருளையில் சுற்றிய தலைமுடியைக் கத்தரித்து எடுக்கணும், குப்பை டப்பாவைத் தட்டணும், மாப் துணியை அலசிக் காயப்போடணும். மறந்தால் அடுத்த நாள் ஹாலே நாறும். வாசல் தெளிப்பதும் கோலம் போடுவதும் பழையபடியேதான்.

கட்டிலுக்கு அடியில் சிக்கிக்கொண்டால் நோட்டிஃபிகேஷன் ஆபீஸில் இருக்கும் மகனுக்குப் போகும். அவன் வீட்டுக்கு போன் போடுவான்: "அம்மா, அது கட்டிலுக்கு அடியில மாட்டிக்கிச்சாம், கொஞ்சம் இழுத்து விடும்மா." எங்கள் தொழிலில் இதற்கு எஸ்கலேஷன் என்று பெயர்.

இது புதுக் கதையும் இல்லை. அமெரிக்க வரலாற்றாசிரியர் ரூத் ஷ்வார்ட்ஸ் கோவன் 1983-ல் எழுதிய 'மோர் வொர்க் ஃபார் மதர்' இதைத்தான் பேசுகிறது. மின்சார வேக்குவம் வருவதற்கு முன் கனமான கம்பளங்களை வெளியே தூக்கிப்போய் அடித்துத் தூசி தட்ட வேண்டும். அதற்கு ஆண்களும் பிள்ளைகளும் வேலையாட்களும் கைகொடுத்தார்கள். மெஷின் வந்ததும் "இனி சுலபம்தானே" என்று எல்லோரும் நழுவினார்கள். எப்போதோ பலர் சேர்ந்து செய்த வேலை, அடிக்கடி ஒருத்தியே செய்யும் வேலையாயிற்று.

நம் ஊர்க் கணக்கையும் பார்த்துவிடலாம். 2024-ஆம் ஆண்டின் தேசிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, சம்பளமில்லாத வீட்டு வேலைகளில் ஈடுபடும் பெண்கள் அதற்கு ஒரு நாளில் சராசரியாக 289 நிமிடங்கள் செலவிடுகிறார்கள். ஆண்கள் 88 நிமிடங்கள். அந்த 88-கூட வேலை செய்கிற ஆண்களின் சராசரி. துரும்பைக் கிள்ளிப் போடாதவர்கள் இந்தக் கணக்குக்குள்ளேயே வரமாட்டார்கள். இந்த நிலைமையில் உள்ள வீட்டுக்குள் ரோபோவைக் கொண்டுவந்து விட்டால் மிச்சமாகும் நேரம் யாருக்குப் போகும்? நிச்சயமாகக் குறைவது மகனின் குற்றவுணர்ச்சிதான். "அதான் மெஷின் வாங்கிக் குடுத்திருக்கேன்ல, இன்னும் என்ன?" என்று கேட்கும் உரிமை வேறு ஈஎம்ஐயோடு சேர்ந்து வருகிறது.

வாங்காதீர்கள் என்று சொல்லவில்லை. ஆப் யார் போனில் இருக்கிறதோ அவரே ராத்திரி பொம்மைகளைப் பொறுக்கட்டும், ஞாயிற்றுக்கிழமை உருளையில் இருக்கும் முடியைக் கத்தரிக்கட்டும். பகலில் கட்டிலுக்கு அடியில் சிக்கினால் யாருக்கும் போன் வேண்டாம். அவர் சாயங்காலம் வந்து குப்புறப் படுத்து இழுக்கும்வரை அது அங்கேயே கிடக்கட்டும்.