வென்ற நேரத்தை வழியில் இழப்பதா?

செங்கல்பட்டிலும் மறைமலை நகரிலும் கூடுவாஞ்சேரியிலும் விடியுமுன்னே சோற்று டப்பாவோடு ரயிலுக்கு நிற்கும் தோழர்களே! ரங்கநாதன் தெருக் கடைகளைத் திறப்பவர்கள் நாம். பாரிமுனையில் மூட்டை தூக்குபவர்கள் நாம். நம் உழைப்பு மாநகரத்துக்கு வேண்டும். நாம் குடியிருக்க மட்டும் அங்கே இடமில்லை. வாடகைக்குப் பயந்து தாம்பரம் தாண்டி வந்தோம். வாடகையில் மிச்சம் பிடித்ததை ரயிலில் நேரமாகக் கட்டுகிறோம்.

1923-இல் தொழிலாளர் தலைவர் சிங்காரவேலர் சென்னைக் கடற்கரையில் மே தினக் கொடி ஏற்றினார். அந்தக் கொடி சொல்லும் எட்டு மணி நேர வேலை உயிரைக் கொடுத்து வென்ற உரிமை. போக இரண்டு, வர இரண்டு என்று அதோடு நான்கு மணி நேரம் ஒட்டிக்கொண்டால் அந்த உரிமையில் மிஞ்சுவது என்ன? கடை ஊழியர் உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021-இல் தமிழ்நாட்டில் சட்டம் வந்தது. அந்த இருக்கைக்குப் போய்ச் சேரும்வரை ரயிலில் ஒற்றைக் காலில் நிற்கிறோம்!

இது விதியல்ல, தோழர்களே. கடற்கரை–தாம்பரம் மின்சார ரயில் ஓடத் தொடங்கியது 1931-இல். ஊர் செங்கல்பட்டுவரை நீண்டுவிட்டது. இன்றும் பல ரயில்கள் தாம்பரத்தோடு திரும்பிவிடுகின்றன. 2018 ஜூலையில் பரங்கிமலை நிலையத்தில் படியில் தொங்கியவர்கள் சுவரில் மோதி மாண்டார்கள். ‘படியில் பயணம் நொடியில் மரணம்’ என்று எழுதி வைத்தால் போதுமா? உள்ளே இடமிருந்தால் எவன் படியில் தொங்குவான்?

கிளாம்பாக்கம் பேருந்து முனையத்தை 2023 டிசம்பரில் திறந்தார்கள். அன்று பக்கத்தில் ரயில் நிலையம் தயாராகவில்லை. கடற்கரை–சிந்தாதிரிப்பேட்டை இடையே பறக்கும் ரயிலை 2023 ஆகஸ்டில் நிறுத்தியபோது ஏழு மாதம் என்றார்கள். மறுபடி ஓடியது 2024 அக்டோபரில். ரயில்வேயைக் கேட்டால் மாநில அரசு, மாநில அரசைக் கேட்டால் ரயில்வே. போக்குவரத்தையெல்லாம் ஒருங்கிணைக்கக் குழுமம் அமைக்கும் சட்டம் 2010-லேயே வந்துவிட்டது. இனி சாக்குக்கு இடமில்லை.

நாம் கேட்பது மூன்று:

காலையும் மாலையும் தாம்பரம் ரயில்களைச் செங்கல்பட்டுவரை நீட்டு!

குளிர்சாதன ரயில் வரட்டும். குறைந்தபட்சம் ஐந்து ரூபாயில் போகும் சாதாரண ரயிலின் நேரத்தை அதற்குக் கொடுக்காதே!

பராமரிப்புப் பணிக்காக ரயிலை ரத்து செய்தால், சீசன் டிக்கெட்டைக் காட்டி ஏறும்படி மாற்றுப் பேருந்து விடு!

சங்கிலியை இழுக்க வேண்டாம். தண்டவாளத்தில் உட்கார வேண்டாம். அதில் சம்பளம் போவது பின்னால் வரும் ரயிலில் இருக்கும் நம் தோழருக்குத்தான். பெட்டிக்கு ஒருவர் பொறுப்பெடுங்கள். மகளிர் பெட்டியில் பெண் தோழர்கள் முன்னே வாருங்கள். கையெழுத்து வாங்குங்கள். ரயில் தாமதமாகும் ஒவ்வொரு நாளும் ரயில்வே உதவி எண் 139-இல் புகாரைப் பதியுங்கள். நிலைய மேலாளர், கோட்ட மேலாளர், நாடாளுமன்ற உறுப்பினர் மூவர் மேசையிலும் ஒரே கோரிக்கை மனு விழட்டும்.

தனித்தனியாகத் திட்டியது போதும். இன்று மாலை வீடு திரும்பும் ரயிலிலேயே முதல் கையெழுத்தை வாங்குங்கள், தோழர்களே!