மரக்காணத்து உப்பும் கொல்லைப்புறத்து இலையும்

தை பிறந்து ஈரம் வற்றியதும் மரக்காணத்து உப்பளங்களில் ஆள் இறங்கிவிடுவார்கள். பாத்தி மிதித்து, தண்ணீர் பாய்ச்சி, வெயில் ஏற ஏறப் பலகையால் உப்பை வாரிக் கரையில் குவிப்பார்கள். ஐப்பசி மழை பிடிக்கும்வரை இதுதான் பிழைப்பு. கிழக்குக் கடற்கரைச் சாலையில் போகிறவர்கள் அந்த வெள்ளைக் குவியல்களைப் பார்த்திருப்பார்கள். ஓலையோ தார்ப்பாயோ போட்டு மூடிவைத்த உப்பு, பிறகு மூட்டை மூட்டையாக லாரி ஏறி வெளியூர் போய்விடுகிறது. இங்கே மிஞ்சுவது கூலி மட்டும்.

அதே மாதங்களில் திண்டிவனம் சந்தையில் புதினாவும் கொத்தமல்லியும் வெயில் ஏறியதும் தலை சாய்ந்துவிடும். காலையில் கறாராக விலை சொன்னவர்கள், கடை கட்டும் நேரத்தில் கேட்ட விலைக்குத் தள்ளிவிட்டுப் பஸ் ஏறுகிறார்கள். அந்த உப்பையும் இந்த இலையையும் விழுப்புரம் மாவட்டத்துக்குள்ளேயே மூலிகை உப்பாக ஒன்று சேர்க்க வேண்டும். முதலில் நம் வீட்டு அம்மியில். அடுத்து மகளிர் குழுக்களின் கையால், விற்பனைக்கு.

நம் வீடுகளுக்கு இது புதிதும் இல்லை. என் மாமியார் இருந்தவரை ஆண்டு தவறாமல் வேப்பிலைக்கட்டி இடிப்பார். முற்றாத நாரத்தை இலையாகப் பார்த்துப் பறித்து, நடுநரம்பை உருவிவிட்டு, எலுமிச்சை இலை கொஞ்சம், மிளகாய் வற்றல், ஓமம், பெருங்காயம், கல் உப்பு எல்லாம் சேர்த்து உரலில் போடுவார். "தண்ணி காட்டாதே, பூத்துப்போயிடும்" என்று பக்கத்திலேயே நிற்பார். இலையில் ஊறும் சாறே உருண்டை பிடிக்கப் போதும். ஜாடியில் போட்டால் மாதக்கணக்கில் இருக்கும். பழைய சோற்றுக்கு வேறெதுவும் வேண்டாம். இலையின் ஈரத்தை உப்பு தன் பக்கம் இழுத்துக்கொள்கிறது, ஈரம் கிடைக்காத இடத்தில் பூஞ்சைக்கும் கிருமிக்கும் வேலையில்லை. மூலிகை உப்பின் சூட்சுமம் இவ்வளவுதான்.

நான் செய்வது இன்னும் எளிது. பனி காய்ந்த பிறகு இலையைப் பறித்துக் கழுவி, துணியில் பரப்பி, மேல் ஈரம் போகும்வரை மின்விசிறிக்கடியில் விடுவேன். ஒரு கப் கல் உப்புக்கு இரண்டு கப் இலை. மிக்சியில் விட்டு விட்டு ஓட்ட வேண்டும். ஒரே மூச்சில் அரைத்தால் சூடேறி மணம் போய்விடும். பிறகு அகலத் தட்டில் மெல்லிதாகப் பரப்பி, நிழலில் வைத்து, அவ்வப்போது விரலால் கிளறிக் கட்டியை உடைத்துவிட வேண்டும். கையில் அள்ளினால் ஒட்டாமல் மணல்போல உதிர வேண்டும். அதன்பிறகே கண்ணாடிப் புட்டிக்குப் போக வேண்டும்.

இலைக்கு இலை குணம் வேறு. கறிவேப்பிலை சொன்னபடி கேட்கும். புதினா காயும்போது கொஞ்சம் நிறம் மங்கினாலும் மணம் நிற்கும். துளசி கறுத்துப்போகும், ருசிக்குக் குறைவில்லை. கொத்தமல்லி காய்ந்தால் மணம் ஓடிவிடும். அதைக் குளிர்பெட்டியில் ஈரமாகவே வைத்துச் சீக்கிரம் தீர்ப்பது நல்லது. ஓமவல்லிதான் படுத்தும். சதைப்பற்றுள்ள இலை, உப்பு பட்ட சில நிமிடத்தில் பச்சைக் குழம்பாக நிற்கும். அதை ஒரு நாள் வாடவிட்டு, அளவைப் பாதியாக்கினால் வழிக்கு வரும். காய்ந்த ஓமவல்லி உப்பை ஒரு சிட்டிகை மோரில் போட்டுக் குடித்தவர்கள் விடமாட்டார்கள். திண்டிவனம் - மரக்காணம் சாலையோரத் தர்பூசணிக்குப் புதினா உப்பு, வெள்ளரிப் பிஞ்சுக்கும் அவித்த வேர்க்கடலைக்கும் கறிவேப்பிலை உப்பு. எல்லாமே இந்த மண்ணில் விளைவது.

இரண்டு விஷயத்தைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். அளத்தில் நேரே வாங்கும் உப்பில் அயோடின் சேர்த்திருக்காது. நேரடியாக உண்பதற்கு விற்கும் உப்பில் அயோடின் கட்டாயம் என்ற விதி 2006 முதல் மீண்டும் நடைமுறையில் இருக்கிறது. கழுத்துக் கழலையைத் தடுக்கவும், கருவிலிருக்கும் குழந்தையின் மூளை வளர்ச்சிக்கும் அது வேண்டும். ஆகவே அயோடின் கலந்த கல் உப்பையே வாங்குங்கள். வெயிலும் ஈரமும் அயோடினைக் குறைக்கும் என்பதால் நிழலில் உலர்த்துவதும் இறுக மூடுவதும் முக்கியம். அடுத்தது அளவு. இரண்டு கப் இலை காய்ந்தால் ஒரு பிடிதான். புட்டியில் பெரும்பகுதி உப்பே. பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு மொத்தமே 5 கிராமுக்குக் குறைவாக, அதாவது ஒரு தேக்கரண்டிக்குள் இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். மூலிகை கலந்தது என்று இரத்தக் கொதிப்பு உள்ளவர்கள் தாராளம் காட்டக் கூடாது. மணம் தூக்கலாக இருப்பதால் சிட்டிகையோடு நிறுத்த முடிகிறது, அதுதான் இதிலுள்ள லாபம்.

மரக்காணத்தில் உப்பு வாரும் பெண் ஒருவரிடம் இதைச் சொன்னபோது, "இதுல இலை போட்டா யாருக்கா வாங்குவாங்க?" என்று கேட்டார். வாங்குகிறார்கள். உத்தராகண்டில் கடலே கிடையாது. அங்கே மலைக் கிராமத்துப் பெண்கள் உப்போடு பச்சை மிளகாய், பூண்டு, புதினா, கொத்தமல்லி வைத்து அம்மியில் அரைக்கும் 'பிஸ்யூ லூண்' இன்று இணையத்தில் நாடு முழுக்க விலைபோகிறது. உப்பை வெளியிலிருந்து வரவழைக்கும் மாநிலம் உப்பில் பெயர் எடுத்திருக்கிறது. வாசலிலேயே அளம் வைத்திருக்கும் நாம் மூட்டை மட்டும் ஏற்றிக்கொண்டிருப்பது எனக்கு வருத்தம்தான்.

மழைக்காலத்தில் அளத்து வேலை நின்றுபோகிறது. 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் வந்தபோது இதே மாவட்டத்து மயிலத்தில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் அளவுக்கு மழை கொட்டியது. அதற்குப் பிறகு பாத்திகளில் என்ன மிஞ்சியிருக்கும்? அந்த மழை மாதங்களில் கையில் காசு பார்க்க உப்பளத் தொழிலாளர் வீட்டுப் பெண்களுக்கு இந்த வேலை பொருந்தும். ஆனால் ஐப்பசி, கார்த்திகையில் நிழலில் எதுவும் காயாது. உப்பு காற்றிலிருக்கும் ஈரத்தையும் இழுத்துக்கொள்ளும். உலர்த்தும் கருவி இல்லாமல் அவர்களால் இதைச் செய்யவே முடியாது.

கற்றுக்கொடுக்கத் திண்டிவனத்தில் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது. குழுக்களை ஒருங்கிணைக்க மகளிர் திட்டம் இருக்கிறது. அயோடின் சேர்ப்பதற்கும் உணவுப் பாதுகாப்புப் பதிவுக்கும் வழிகாட்ட அலுவலர்கள் இருக்கிறார்கள். விழுப்புரம் மாவட்ட நிர்வாகம் வரும் மழைக்காலத்துக்கு முன் மரக்காணத்தில் ஒரு குழுவுக்காவது உலர்த்தும் கருவியும் பயிற்சியும் கொடுத்து, புட்டியில் ஊர்ப் பெயரைப் பொறித்து விற்க வழிசெய்ய வேண்டும்.