லைட்டைக் கையில பிடிச்சுக்கிட்டு ஒரு புளியரைப் பயணம்!

ராத்திரி பத்தரை மணி, புளியரை மலை இறக்கம், சாரல் வேற தூறிக்கிட்டு இருக்கு. எஸ் வளைவுல கார் திரும்புற நேரம் பார்த்து ரெண்டு ஹெட்லைட்டும் ‘பொசுக்’னு அணைஞ்சா எப்படி இருக்கும்? எதிர்ல கேரளாவுக்கு லோடு ஏத்திக்கிட்டு ஒரு டாரஸ் லாரி. பின்சீட்ல அம்மா, ஆச்சி, தங்கச்சி. ஆச்சி முருகனைக் கூப்பிட்ட சத்தம் பண்பொழி திருமலைக்கோயில் வரைக்கும் கேட்டிருக்கும்!

அப்பா பதறலை. ஸ்டீரிங்குக்குக் கீழே இருக்கிற லைட் லீவரை இடது கையால மேல்பக்கமா அழுத்திப் பிடிச்சார். லைட் வந்துச்சு. விட்டா போயிடுச்சு. அப்புறமென்ன... ஒரு கையில லைட்டு, இன்னொரு கையில ஸ்டீரிங். கியரும் ஸ்டீரிங் பக்கத்துல இருக்கிற ஹேண்ட் கியர்தான். கியர் மாத்தும்போதெல்லாம் ரெண்டு செகண்ட் இருட்டு. வடகரைக்கு அப்படியேதான் வந்து சேர்ந்தோம். இறங்கினதும் அப்பா சொன்ன முதல் வார்த்தை: “நாளைக்கே இதை எடைக்குப் போட்டுருதேன்டே.”

அது எங்க தாத்தாவோட கார் பாஸ். பிரீமியர் பத்மினி. (நாட்டியப் பேரொளி இல்லை. சித்தூர் ராணி பத்மினியின் பெயர்.) இத்தாலியின் ஃபியட் 1100-ஐ மும்பை குர்லாவில் பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் 1964-லிருந்து ‘ஃபியட் 1100 டிலைட்’ என்று தயாரித்தது. 70-களில்தான் ‘பத்மினி’ ஆனது. நம்ம ஊர்ப் பெரிசுகளுக்கு அது இன்னிக்கும் ‘ஃபியட்டு’தான். 1089 சி.சி. இன்ஜின், தடியான தகரம். மும்பையில் கறுப்பு மஞ்சள் டாக்ஸியா ஓடினது இதுதான். கடைசி பத்மினி டாக்ஸி 2003-ல் பதிவானது. டாக்ஸிக்கு 20 வருஷம்தான் ஆயுள்ங்கிற விதிப்படி 2023 அக்டோபர் 30-ம் தேதியோட அதுவும் ரோட்டை விட்டு இறங்கிடுச்சு. அவ்வளவு டாக்ஸி ஓடினவரைக்கும் ஸ்பேர் பார்ட்ஸுக்குப் பஞ்சமில்லை. இப்போ? தேடணும், நிறையவே தேடணும்.

எங்க வீட்ல ஏற்கெனவே ஒருதடவை தேடி வாங்கினோம். மதுரையில ஒரு கடையில டூப்ளிகேட் லீவர். பார்க்க பளபளன்னு இருந்துச்சு. ரெண்டே மாசத்துல உருகிப்போய், ‘நெய்ல முங்குன ஜவ்வு மிட்டாய்’ மாதிரி தொங்கிடுச்சு. அதனால மறுபடி பழசையே மாட்டியிருந்தோம். அதுதான் புளியரையில கழுத்தறுத்தது.

மறுநாள் காலையில பழைய இரும்புக்காரர் வர்றதுக்குள்ள நான் மெக்கானிக் அண்ணாச்சிகிட்ட ஓடினேன். பானெட்டைக்கூடத் திறக்கலை மனுஷர். “ஏ தம்பி, பல்பு எத்தனை வாட்டு?” என்றார். 100/90 என்றேன். “சுச்சு மேல என்னடே தப்பு? நாப்பது அம்பது வாட்டுக்குச் செஞ்ச சுச்சு தலையில நூறு வாட்டை ஏத்தி வெச்சா அது என்ன செய்யும்?”

ட்ரிபிள்-ஈ படிக்கிற கண்மணிகளே, இப்போ உங்க ஏரியா. பழைய கார்கள்ல ஹெட்லைட்டோட மொத்த கரன்ட்டும் அந்தச் சின்ன லீவர் வழியாத்தான் போகும். ரெண்டு 100 வாட் பல்பு, 12 வோல்ட் பேட்டரி... கணக்குப் போட்டா கிட்டத்தட்ட 17 ஆம்பியர்! உள்ளே இருக்கிற பித்தளைத் தகடுகள் ஒண்ணையொண்ணு தொடுற இடம் ஒரு மிளகு அளவுகூட இருக்காது. ஒவ்வொரு தடவை ஆன், ஆஃப் செய்யும்போதும் சின்னதா ஒரு பொறி. பொறி பட்ட இடத்துல கரி. கரி சேர்ந்தா ரெசிஸ்டன்ஸ். ரெசிஸ்டன்ஸ் ஏறினா சூடு. சூடானா ஸ்பிரிங் தளர்ந்து, தகடு இன்னும் லூஸாத் தொடும். மறுபடி பொறி! குற்றாலம் சீஸன்ல ஜூன் தொடங்கி மூணு மாசம் காத்துல இருக்கிற ஈரம் வேற. பச்சை பூத்திருச்சு எங்க சுவிட்ச்.

சூடு எவ்வளவுன்னு நம்ப மாட்டீங்க. கரன்ட்டை அதே கரன்ட்டால பெருக்கி, ரெசிஸ்டன்ஸால பெருக்கணும். 10 ஆம்பியர், வெறும் 0.1 ஓம்னு வைங்க. 10 வாட்! நீங்க லேப்ல பிடிக்கிற 25 வாட் சால்டரிங் அயர்ன்ல கிட்டத்தட்ட பாதி. அதை ஒரு பிளாஸ்டிக் டப்பாவுக்குள்ள வெச்சு மூடினா உருகாம என்ன செய்யும்? அதோட அங்கேயே 1 வோல்ட் காணாமப் போயிடும். 12-ல 1 போனா வெளிச்சமும் பன்னிரண்டுல ஒரு பங்குதான் குறையும்னு நினைச்சா ஏமாந்தீங்க. இழை பல்புல கிட்டத்தட்ட கால்வாசி வெளிச்சம் போயிடும். ‘லைட் டல்லா இருக்கு’ன்னு பெரிய பல்பா மாட்டுறோமே, அது தாகத்துக்கு உப்புத்தண்ணி குடிக்கிற கதை.

சரி, கழற்றுவோமா? முதல் வேலை, பேட்டரியோட நெகட்டிவ் வயரை எடுத்துடுங்க. இதைச் செய்யாம ஸ்பேனரோட உள்ளே கையைவிட்ட நண்பன் ஒருத்தன் வயரிங்கையே புகையவெச்சான். அடுத்து, சக்கரத்தை நேரா நிறுத்திட்டு, நடுவுல இருக்கிற ஹாரன் மூடியை எடுத்தா பெரிய நட்டு தெரியும். ஸ்டீரிங்குக்கும் தண்டுக்கும் சேர்த்து சாக்பீஸ்ல ஒரு கோடு போட்டுக்கணும். இல்லைன்னா மாட்டும்போது ஸ்டீரிங் கோணலா உட்காரும். நட்டை முழுசாக் கழற்றாதீங்க, நாலு மரை விட்டுவைங்க. இறுகியிருக்கிற ஸ்டீரிங் திடீர்னு விட்டுக்கிட்டு வந்தா உங்க மூக்குக்கு நல்லது! வயர்களைப் பிடுங்கறதுக்கு முன்னாடி செல்போன்ல ரெண்டு போட்டோ. கலர் நினைவிருக்கும்னு நம்பாதீங்க. 40 வருஷ வயர்ல எல்லா கலரும் ஒரே கலர்தான்.

சுவிட்சைத் திறக்கிறதுதான் சஸ்பென்ஸ். ஒவ்வொரு நிலையிலும் ‘டக்’னு நிக்கறதுக்கு உள்ளே ஒரு ஸ்பிரிங்கும் ஒரு குட்டி இரும்புக் குண்டும் இருக்கும். எனக்குத் தெரியலை. ரிவிட்டை ராவி எடுத்து மூடியைத் தூக்கினேன். ‘ட்ஸிங்!’ குண்டு பறந்துடுச்சு. ஒருமணி நேரம் திண்ணை, முற்றம், கோழிக்கூடுன்னு தேடினதுல கிடைச்சது ஆச்சியோட வெத்தலைப் பெட்டியில! பெரிய பாலிதீன் பைக்குள்ள வெச்சுத் திறங்கன்னு அண்ணாச்சி அப்புறம்தான் சொன்னார். குண்டு தொலைஞ்சாலும் பயமில்லை, சைக்கிள் கடையில பால்ரஸ் குண்டு அதே சைஸ்ல கிடைக்கும். ஆனா ஸ்பிரிங்குக்கு பேனாவை உடைக்காதீங்க. போட்டுப் பார்த்தேன். மெலிசு, ஒரு வாரம் தாங்கலை. நல்ல கம்பியில சுத்தின ஸ்பிரிங்கா ஹார்டுவேர் கடையில பார்த்து வாங்கணும்.

உள்ளே இருந்த தகடுகள் அடுப்புக்கரி மாதிரி. ஜீரோ நம்பர் எமரி ஷீட்டால மெதுவா, பித்தளை நிறம் தெரியற வரைக்கும் மட்டும் தேய்ச்சேன். அதுக்கு மேல தேய்ச்சா தகடே இருக்காது. கான்டாக்ட் கிளீனர் அடிச்சுத் துடைச்சு, குண்டு உருளுற பள்ளத்துல துளி வாஸலின். லூஸான வயரை ஈயம் வெச்சுப் பத்தும்போது சட்டுனு கையை எடுத்துடணும். ரெண்டு செகண்ட் கூடினாலும் பிளாஸ்டிக் இளகிடும். ரிவிட் இருந்த இடத்துல குட்டி ஸ்க்ரூ. விரிசல்விட்ட லீவர் அடிப்பகுதிக்கு, சூடான ஊசியால ரெண்டு பக்கமும் ஓட்டை போட்டு, பித்தளைக் கம்பி சொருகி அரால்டைட். ஒருநாள் முழுக்கக் காயவிட்டேன்.

இத்தோட நிறுத்தியிருந்தா மறுபடி ஆறு மாசத்துல புளியரை இருட்டுதான். அதனால ரிலே! நாலு கால் உள்ள சாதாரண கார் ரிலே, டிம்முக்கு ஒண்ணு, பிரைட்டுக்கு ஒண்ணு. 30-ம் நம்பர் காலுக்கு பேட்டரியிலிருந்து ஃப்யூஸ் வழியா தடி வயர் (ஃப்யூஸ் பேட்டரி பக்கத்துலேயே இருக்கணும்). 87 பல்புக்கு. 85 பாடி எர்த். லீவர்லேர்ந்து வர்ற பழைய வயர் 86-க்கு. அவ்வளவுதான். இப்போ லீவர் வழியா போறது ரிலேயைத் தட்டியெழுப்புற கரன்ட் மட்டும், ஒரு ஆம்பியர்ல ஐந்துல ஒரு பங்குகூட இல்லை. கூடவே 100/90-ஐத் தூக்கிட்டு 60/55 பல்பு போட்டேன். அப்பாவுக்கு அதுல கோபம். “வாட்டைக் கொறச்சுட்டு வெளிச்சம் எங்கேர்ந்துடே வரும்?”

மல்டிமீட்டர்ல காட்டினேன். முன்னாடி பேட்டரியில 12.3, பல்புல 10.5. இப்போ பல்புல 11.9. அப்பா மீட்டரை நம்பலை. சுவர்ல அடிச்சுப் பார்த்தார், அதையும் நம்பலை. ஏழு மணிக்கு சாவியை எடுத்துக்கிட்டு “ஏறு” என்றார்.

செங்கோட்டை தாண்டி, புளியரை செக்போஸ்ட் தாண்டி, அதே எஸ் வளைவு. லைட் நின்னு எரிஞ்சுது. எதிர்ல வந்தவர் டிம் அடிக்கச் சொல்லி ரெண்டு தடவை கண்ணடிச்சார். அப்பா ‘டக்’னு குறைச்சார். திரும்பி வரும்போது இரும்புக்காரருக்கு போன் போட்டு, “இந்த மாசம் வேண்டாம் அண்ணாச்சி, ஆர்.சி. புதுப்பிக்கணும், எஃப்.சி. பார்க்கிற வேலை இருக்கு” என்றார். 15 வருஷம் தாண்டின சொந்த வண்டிக்கு அஞ்சு வருஷத்துக்கு ஒருதடவை அந்தச் சடங்கு உண்டே. அங்கே முதல்ல பார்க்கிற ஐட்டத்துல லைட்டும் ஒண்ணு.

இன்னொரு விஷயம் பாக்கி. திரும்பி முடிஞ்சதும் இண்டிகேட்டர் தானா அணையணும். 1940-லேயே அமெரிக்காவின் ப்யூக் கார்ல வந்துட்ட வசதி அது. ஸ்டீரிங் தண்டுல இருக்கிற ஒரு புடைப்பு, திரும்பி வரும்போது சுவிட்ச் நாக்கைத் தட்டிவிடும். எங்க கார்ல அந்த நாக்கு தேய்ஞ்சு மொட்டை. பித்தளைத் தகட்டை அரத்தால ராவி ஒண்ணு செஞ்சு பார்த்தேன். வலது பக்கம் சரியா அணையுது, இடது பக்கம் போடுறதுக்கு முன்னாடியே அணையுது! யாராவது செஞ்சு ஜெயிச்சிருந்தா எழுதுங்க மக்களே. அதுவரைக்கும் இடது பக்கம் திரும்ப நான் ஜன்னல் வழியா கையைச் சுத்திக் காட்டிக்கிட்டு இருக்கேன்.