ரப்பர் பொம்மையின் வியர்வை

பிளாஸ்டிக்கிற்கு அழிவில்லை என்பது நம் காலத்து மூடநம்பிக்கைகளுள் ஒன்று. மண்ணில் மக்காது என்பது மெய்தான். ஆனால் மக்காமலிருப்பது வேறு, உருக்குலையாமலிருப்பது வேறு. சேலம், நாமக்கல் பக்கத்து வீடுகளில் பரண்மேல் கிடக்கும் பழைய பொம்மைகளை இறக்கிப் பார்த்தால் இது விளங்கும். கோட்டை மாரியம்மன் ஆடித் திருவிழாக் கடையிலோ நாமக்கல் ஆஞ்சநேயர் கோயில் வாசலிலோ என்றோ வாங்கியவை. தொட்டால் விரலில் பிசுபிசுக்கும்.

'ரப்பர் பொம்மை' என்று நாம் சொல்லிவந்தவற்றில் பெரும்பாலானவை ரப்பரே அல்ல, பி.வி.சி. இயல்பில் விறைப்பான அப்பொருள் அமுக்கினால் அமுங்க வேண்டும் என்பதற்காகத் தாலேட் வகை எண்ணெய்களை அதில் கலந்தார்கள். சில பொம்மைகளில் எடையில் மூன்றிலொரு பங்குகூட இந்த எண்ணெய்தான். அது பிளாஸ்டிக்கோடு வேதிப்பிணைப்புக் கொள்வதில்லை. ஆண்டுகள் செல்லச் செல்லக் கசிந்து மேலே வருகிறது. பொம்மை வியர்க்கிறது, வியர்வையில் புழுதி ஒட்டுகிறது. எண்ணெய் வற்றியபின் சுருங்கி, விறைத்து, வெடிக்கிறது. நம் சித்திரை வெயிலும் ஓட்டுவீட்டுப் பரணும் இவ்வேலையை விரைவாகவே முடித்துவிடுகின்றன.

அக்கறையுள்ளவர்கள் உடனே அதைப் பாலிதீன் பையில் சுற்றி வைப்பார்கள். அதுதான் கூடாது. டென்மார்க் தேசிய அருங்காட்சியகத்தில் பிளாஸ்டிக் பாதுகாப்பை ஆராய்ந்த இவான் ஷஷுவா கண்டது இது: பாலிதீன் அந்த எண்ணெயை உறிஞ்சிக்கொள்கிறது, இறுக மூடிய கண்ணாடிக் கலத்தில் வைத்தால் கசிவு மட்டுப்படுகிறது. கழுவி நன்கு உலர்த்திய ஊறுகாய் ஜாடி போதும், வெயில் படாத கீழ்த்தட்டு போதும். ஸ்பிரிட் போட்டுத் துடைக்க வேண்டாம். பக்கத்தில் கெட்டிப் பிளாஸ்டிக் கார் எதையும் ஒட்டி வைக்கவும் வேண்டாம், கசியும் எண்ணெய் அதையும் இளக்கிவிடும். மஞ்சளித்த பொம்மையை ஹைட்ரஜன் பெராக்சைடால் வெளுக்கும் வழக்கம் சேகரிப்பாளர்களிடம் உண்டு. மஞ்சள் திரும்பி வரக்கூடும் என்பது ஒருபுறமிருக்க, நரையை மறைப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

செல்லுலாய்டு பொம்மைக்கு மட்டும் இந்த ஜாடி ஆகாது. அது தானே வெளியிடும் அமில ஆவி உள்ளேயே தங்கினால் அழிவு இன்னும் விரையும். அதற்குக் காற்றோட்டமும் தனியிடமும் வேண்டும். அது எளிதில் தீப்பற்றும் என்பதையும் மறக்கலாகாது.

செல்லுலாய்டு என்றதும் சேலத்துக்காரருக்கு வேறொன்று நினைவுக்கு வரவேண்டும். பொம்மையான அதே பொருள்தான் அக்காலத்துப் படச்சுருளும். மாடர்ன் தியேட்டர்ஸ் 1938இல் தயாரித்த 'பாலன்', மலையாளத்தின் முதல் பேசும்படம். அதன் பிரதி இன்று இல்லை. ஏற்காடு சாலையில் ஸ்டுடியோவின் முகப்பு வளைவு நிற்கிறது; கல்லும் காரையும் தங்கின.

மண்பொம்மைக்கும் மரப்பாச்சிக்கும் நாம் தரும் மரியாதையில் ஒரு துளியும் பிளாஸ்டிக் பொம்மைக்கு இல்லை. அது மலிவானது, கையால் செய்யப்படாதது, ஆகவே பண்பாடல்ல என்று ஓர் எண்ணம். கோட்டையூர் ரோஜா முத்தையா கல்யாணப் பத்திரிகைகளையும் நோட்டீசுகளையும் சேர்த்தபோதும் பலருக்கு அது குப்பையாகத்தான் தெரிந்திருக்கும். அவர் சேர்த்தவையே 1994இல் ஓர் ஆராய்ச்சி நூலகமாயின. ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்கைத் தமிழக அரசு 2019இல் தடைசெய்ததை வரவேற்பவன்தான் நான். எறிவதற்கென்றே செய்த பையும், ஒரு குழந்தை ஐந்தாண்டு அணைத்துத் தூங்கிய கரடியும் ஒன்றாகிவிடுமா?

சேலம் அரசு அருங்காட்சியகத்தில் இவற்றுக்கு ஓர் அலமாரி வேண்டும் என்பது என் கோரிக்கை. அதுவரை வீடுகளே காப்பகம். திருவிழாக் கடைப் பொம்மைகளில் பலவற்றில் செய்தவர் பெயரோ ஆண்டோ இராது. எந்தத் திருவிழாவில், யார், யாருக்கு, என்ன விலைக்கு வாங்கியது என்று பாட்டிமார் இருக்கும்போதே கேட்டு ஒரு சீட்டில் குறித்து வையுங்கள். பழைய சாயங்களில் ஈயம் இருக்கக்கூடும், பேரப்பிள்ளைகள் வாயில் வைக்கக் கொடுக்காதீர்கள். சீட்டைப் பென்சிலால் எழுதி ஜாடிக்கு வெளியே கட்டுங்கள். பொம்மையின் மேல் எழுதினால் பேனா மை பி.வி.சி.க்குள் ஊறிவிடும், பிறகு போகாது.