கடலில்லாத மாத்தளைக்கும் மன்னார்க் கரையில் பொறுப்புண்டு

மாத்தளை மாவட்டத்துக்குக் கடற்கரை கிடையாது. ஆனால் இங்கே பெய்யும் மழை மூன்று திசைகளில் கடலைச் சேர்கிறது. நக்கிள்ஸ் மலைச்சரிவின் நீர் அம்பன் கங்கையாக இறங்கி, மகாவலியோடு கலந்து, கொட்டியாரக்குடாவில் விழுகிறது. தம்புள்ளைப் பக்கத்து ஓடைகள் கலாவெவயில் தேங்கி, கலா ஓயாவாகப் புத்தளம் களப்புக்குப் போகின்றன. சீகிரியாவுக்கு அருகே இனாமலுவைக் குன்றுகளிலும் ரிட்டிகல மலையிலும் ஊறும் நீர் மல்வத்து ஓயாவாக அநுராதபுரத்தைக் கடந்து, தமிழ்ப் பகுதிக்குள் நுழைந்ததும் அருவியாறு என்று பெயர் மாறி, மன்னார்க் கரையில் முடிகிறது. வங்காலைச் சேற்றுவெளியில் பூநாரை இரை தேடும் இடத்துக்கும் நமது மாவட்டத்தின் வடக்கு எல்லைக்கும் நடுவே இருப்பது 164 கிலோமீற்றர் நீளமான ஓர் ஆறுதான்.

மன்னார்த் தீவில் காற்றாலைகளும் கனிய மணல் அகழ்வும் வேண்டாம் என்று அந்த மக்கள் நடத்திவரும் போராட்டத்தை மாத்தளையில் இருப்பவர்கள் வடக்கின் உள்ளூர்ப் பிரச்சினையாகப் பார்த்துவிட்டுக் கடந்துபோகக் கூடாது. அவர்கள் கேட்பது நியாயம் என்பதே நமது நிலைப்பாடு. அந்தத் தீவில் இனி ஒரு காற்றாலைகூட எழக்கூடாது. இல்மனைட் மணலுக்காக அதன் நிலத்தைக் கிண்டவும் கூடாது. அதோடு, ஈரநிலங்களைப் பாதிக்கும் திட்டங்களைத் தனித்தனிக் கோப்புகளாகப் பிரித்து அனுமதி வழங்கும் முறையே மாற வேண்டும்.

முதலில் அந்த இடம் எப்படிப்பட்டது என்று பார்ப்போம். மத்திய ஆசியப் பறவைப் பாதை ஆர்க்டிக் கரையில் தொடங்கி இந்து சமுத்திரம் வரை நீள்கிறது; முப்பது நாடுகளைத் தொடுகிறது. அதன் தென்கோடிப் பகுதியில் இருப்பது இலங்கை. தமிழ்நாட்டுக் கரையை விட்டுக் கிளம்பும் பறவைகளுக்கு மிகக் கிட்டிய தரை மன்னார். பாக்கு நீரிணையின் அந்தப் பக்கத்தில் கோடியக்கரை, இந்தப் பக்கத்தில் வங்காலை. ஒரே பயணத்தின் இரண்டு தங்குமிடங்கள் இவை. 2021இல் கொழும்புப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மன்னாரில் ஒரு கடற்காக்கையின் முதுகில் செய்மதிக் கருவியைப் பொருத்தி அனுப்பினார்கள். மேகா என்று பெயரிடப்பட்ட அந்தப் பறவை ஏழாயிரம் கிலோமீற்றருக்கு மேல் பறந்து ருஷ்யாவின் வடகோடியிலுள்ள யமால் தீபகற்பத்தை அடைந்தது. ஊசிவால் வாத்து, உள்ளான், ஆலா, மூக்கன் என்று ஆயிரமாயிரம் பறவைகள் ஒவ்வொரு மாரியிலும் இவ்வாறே வருகின்றன, போகின்றன.

வங்காலை 2008இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2010இல் 4,839 ஹெக்டேயர் பரப்போடு ராம்சார் பட்டியலில் இலங்கையின் நான்காவது ஈரநிலமாகச் சேர்ந்தது. சேற்றுவெளி, உவர்ச் சதுப்பு, கண்டல், மணல்மேடு, கடற்புல் படுகை, முட்புதர், மேய்ச்சல் தரை எல்லாம் அங்கே ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு கிடக்கின்றன. ஆண்டுக்கு இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட நீர்ப்பறவைகளைத் தாங்கும் இடம் என்று உலகத்துக்கு எழுத்தில் சொல்லியிருப்பது நமது அரசுதான்.

அப்படிச் சொன்ன அரசு அடுத்து என்ன செய்தது? 2020 டிசம்பரில் மன்னார்த் தீவின் தென்கரையில் 30 காற்றாலைகளுடன் 103.5 மெகாவாற் தம்பபவனி நிலையத்தைத் திறந்தது. அதன்மேல் இன்னும் 52 காற்றாலைகள் கொண்ட 250 மெகாவாற் திட்டத்துக்கு அதானி குழுமத்தை அழைத்தது. சுற்றாடல் அமைப்புகளும் அறிஞர்களும் 2024இல் உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். 2025 பெப்ரவரியில் அதானி விலகிக்கொண்டது. விலகலுக்கு முன்னால் நடந்த இழுபறி மின்சாரத்தின் விலையைப் பற்றியது, பறவைகளைப் பற்றியது அல்ல. தீவு தப்பியது என்று மூச்சுவிடுவதற்குள் 50 மெகாவாற், 20 மெகாவாற் என்று இரண்டு சிறிய திட்டங்கள் வந்து நின்றன. 2025 ஓகஸ்டில் மன்னார் நகரில் மக்கள் இரவு பகலாக உட்கார்ந்தார்கள். ஜனாதிபதி ஒரு மாதம் நிறுத்திவைத்தார். செப்டெம்பர் இறுதியில் காற்றாலைப் பாகங்களைத் தீவுக்குள் கொண்டுபோகப் பொலிஸார் பலத்தைப் பயன்படுத்தினார்கள். கடற்றொழிலாளரும் குருமாரும் பெண்களும் நின்றிருந்த தெருவில் அப்படி நடந்துகொண்டதை எந்த மின்தேவையாலும் நியாயப்படுத்த முடியாது.

மின்சாரம் தேவை என்பதை நாம் மறுக்கவில்லை. எரிபொருள் வாங்க டொலர் இல்லாமல் 2022இல் நாடே இருளில் கிடந்ததை எவரும் மறந்திருக்க மாட்டார்கள். 2030க்குள் மின்சாரத்தில் 70 சதவீதம் புதுப்பிக்கத்தக்க மூலங்களிலிருந்து கிடைக்க வேண்டும் என்பது நல்ல இலக்கு. காற்றாலையே கூடாது என்பவர்களோடு நமக்கு உடன்பாடில்லை. எங்கே நடுவது என்பதில்தான் வழக்கு. காற்று எங்கே வீசுகிறது என்று அளந்து வரைபடம் போட்டவர்கள், பறவைகள் எங்கே இறங்குகின்றன, எந்த உயரத்தில் பறக்கின்றன, எந்த மாதத்தில் எந்த நேரத்தில் கடக்கின்றன என்பதற்கும் நாடு முழுவதற்குமான வரைபடம் ஒன்றை முதலில் போட்டிருக்க வேண்டும். ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட பிறகு செய்யும் ஆய்வு, எடுத்த முடிவுக்குக் காரணம் தேடுவதாகவே முடியும்.

பறவை வரும்போது காற்றாலையை நிறுத்திவிடலாம், தொழில்நுட்பம் இருக்கிறது என்று ஒரு பதில் வரும். ஸ்பெயினின் தென்கரையில் தரீபா பகுதியில் அப்படிச் செய்தார்கள். பிணந்தின்னிக் கழுகுகளின் சாவு பாதியாகக் குறைந்தது, மின் உற்பத்தியில் இழப்பு 0.07 சதவீதம் மட்டுமே. மெச்சத்தக்க முயற்சிதான். ஆனால் கழுகு பட்டப்பகலில், வெப்பக் காற்றில் வட்டமிட்டுப் பறக்கும் பெரிய பறவை. காவலுக்கு இருப்பவரின் கண்ணுக்குத் தெரியும். மன்னாருக்கு வரும் வாத்தும் உள்ளானும் பெரும்பாலும் இருட்டில் பயணம் செய்பவை. மேலும், தீவில் பிறக்கும் மின்சாரத்தை வெளியே கொண்டுவரும் உயர் அழுத்தக் கம்பிகள் தீவை நிலப்பரப்போடு இணைக்கும் தாம்போதியை ஒட்டிய ஈரநிலத்தைக் கடந்துதான் வர வேண்டும். கம்பியை நிறுத்திவைக்க முடியாது. ராஜஸ்தானிலும் குஜராத்திலும் கானமயில்கள் மின்கம்பிகளில் மோதிச் செத்ததால்தான் 2021இல் இந்திய உச்ச நீதிமன்றம் அவற்றை நிலத்தடியில் புதைக்கச் சொன்னது. பிறகு 2024இல் அந்த உத்தரவைத் தளர்த்த வேண்டி வந்தது. கம்பிகளை இழுத்து முடித்த பிறகு திருத்துவது எவ்வளவு கடினம் என்பதற்கு அந்த வழக்கே சாட்சி.

இன்னொரு பதிலும் உண்டு. பறவைக்குச் சிறகு இருக்கிறது, இங்கே இடமில்லாவிட்டால் வேறெங்காவது போகும் என்பார்கள். தென்கொரியாவில் செமங்கம் கழிமுகத்தை 33 கிலோமீற்றருக்கு மேற்பட்ட கடற்சுவரால் அடைத்தபோதும் இதையே சொன்னார்கள். 2006இல் சுவர் மூடியது. அந்தச் சேற்றில் இரை தின்று பலம் சேர்த்துக்கொண்டு வடக்கே பறந்த பெரிய உள்ளான்கள் பக்கத்துச் சேற்றுவெளிகளில் பெருகவில்லை. குளிர்காலத்தை அவை கழிக்கும் அவுஸ்திரேலியாவிலும் எண்ணிக்கை சரிந்தது. போன பறவைகள் வேறெங்கும் போகவில்லை, செத்துப்போயின. இடைத்தங்கலில் உடம்பில் கொழுப்புச் சேராத பறவை ஆர்க்டிக் வரை போய் முட்டையிட முடியாது.

கரையோர ஈரநிலத்தைப் பணமாக்கும் ஆசை காற்றாலையோடு நிற்கவும் இல்லை. வங்காலைக்கு வடக்கே விடத்தல்தீவு இயற்கை ஒதுக்ககம் 2016இல் அறிவிக்கப்பட்டது. 29,000 ஹெக்டேயருக்கும் அதிகமான பரப்பு. எட்டே ஆண்டுகளில், 2024 மே மாதம், அதில் 168 ஹெக்டேயரை நீருயிரின வளர்ப்புக்காக விடுவித்து வர்த்தமானி வெளியானது. உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை போட வேண்டியதாயிற்று. இறால் பண்ணை என்ன செய்யும் என்று அறிய வெளிநாட்டுக்குப் போக வேண்டாம். நம் கலா ஓயா போய்ச் சேரும் புத்தளத்துக்கே போகலாம். எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் கண்டலை வெட்டிக் குளம் தோண்டினார்கள். 1996இல் வெண்புள்ளி நோய் வந்தது. ஏராளமான குளங்களைக் கைவிட்டுப் போனார்கள். கண்டலும் இல்லை, இறாலும் இல்லை, உப்பேறிய குழிகள் மிஞ்சின. அவற்றில் சிலவற்றில் கண்டலைத் திரும்ப வளர்க்கப் பொதுப் பணமும் பல ஆண்டு உழைப்பும் இப்போது போகின்றன.

இனி நமது பக்கத்தைப் பேச வேண்டும். கரையில் நடப்பதற்குக் கரையிலிருப்பவர்களை மட்டும் பொறுப்பாக்குவது சரியல்ல. அருவியாற்றின் நீர் தேக்கம் அணையில் திரும்பிக் கட்டுக்கரைக்குளத்தை நிரப்புகிறது. குளத்துக்கும் வயலுக்கும் போக எஞ்சியது கரையை அடைகிறது. நன்னீரும் உப்புநீரும் எந்த அளவில், எந்த மாதத்தில் கலக்கின்றன என்பதுதான் சேற்றில் என்ன புழு இருக்கும், கண்டலில் என்ன மீன் குஞ்சு பொரிக்கும் என்பதைத் தீர்மானிக்கிறது. புத்தளக் கரைக்கும் இதே கதைதான்: தம்புள்ளை, கலேவெல பக்கங்களில் பெரிய வெங்காயத்துக்கும் மரக்கறிக்கும் அடிக்கும் மருந்தும் போடும் உரமும் மழையோடு ஓடையில் இறங்குகின்றன. அதற்காக விவசாயியைக் குற்றவாளியாக்கிவிட முடியாது. பொருளாதார மத்திய நிலையத்தில் காலையில் ஒரு விலை, மத்தியானம் ஒரு விலை. பூச்சி விழுந்தால் முழுக் கடனும் தலையில். மருந்தைக் குறைக்கச் சொல்லுமுன் அவருக்கு விலை உத்தரவாதமும், கடைக்காரரின் வாயைப் பார்க்காமல் ஆலோசனை கேட்க விவசாய அலுவலரும் வேண்டும்.

மேலே எடுக்கும் முடிவு கீழே என்ன செய்யும் என்பதை மொரகஹகந்த நமக்குக் காட்டியிருக்கிறது. நமது மாவட்டத்தில் எழுந்த அந்த அணையின் நீர் மின்னேரியாவுக்குப் போனது. வறட்சிக்காலத்தில் மின்னேரியாக் குளம் வற்றும்போது வெளிப்படும் புல்வெளியை நம்பித்தான் நூற்றுக்கணக்கான யானைகள் அங்கே கூடும். குளம் நிரம்பியே கிடந்ததால் புல் நீருக்கடியில் போனது. யானைகள் ஊர்களுக்குள் அலைந்தன. விவசாயத்துக்கு நீர் தேவைதான். எப்போது, எவ்வளவு திறப்பது என்பதைக் கொஞ்சம் மாற்றியிருந்தாலே இரண்டும் நடந்திருக்கும். கேட்க வேண்டிய திணைக்களம் வேறு, திறக்கும் திணைக்களம் வேறு. மகாவலியின் வெள்ளச் சமவெளியிலுள்ள வில்லுகள், அதாவது ஆண்டு வெள்ளத்தில் நிறைந்து கோடையில் வற்றிப் புல்லும் பறவையும் தரும் நீர்நிலைகள், மேலே அணைகள் வந்த பின் இதே பாட்டைத்தான் பட்டன.

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் அடித்தபோது இந்தத் தொடர்பை எவருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை. மாத்தளை மலைகளில் மண் சரிந்தது. நாடு முழுதும் அறுநூறுக்கும் அதிகமான உயிர்கள் போயின. உள்நாட்டில் பெய்த மழை சில நாட்களில் மல்வத்து ஓயாவில் பெருகி மன்னாரை மூழ்கடித்தது. ஆடுமாடுகள் கூட்டங்கூட்டமாகச் செத்தன. வெள்ளத்தை வாங்கிப் பரவவிட்டு மெல்லக் கடலுக்கு அனுப்புவது கரையோரச் சதுப்பின் வேலை. அதை நிரப்பியும் உயர்த்தியும் பாதை போட்டும் குறுக்கிவிட்டால் நீர் வீடுகளுக்குள் நிற்கும். தீவில் காற்றாலைக்காகப் போட்ட பாதைகளாலும் மேடைகளாலும் மழைநீர் வடியாமல் தேங்குகிறது என்று மன்னார் மக்கள் இந்தப் புயலுக்கு முன்பிருந்தே முறையிட்டு வருகிறார்கள்.

மன்னாரோடு நமக்கு நீரால் மட்டுமல்ல, வரலாற்றாலும் தொடர்புண்டு. மலையகத் தமிழரான நம் முன்னோர் தலைமன்னாரிலும் அரிப்பிலும் கரையேறி, காட்டுப் பாதையால் நடந்து, வழியில் நோயிலும் பசியிலும் ஆயிரக்கணக்கில் மாண்டு, மிஞ்சியவர்கள் மாத்தளை வந்து சேர்ந்தார்கள். 2023இல் மலையகத்தின் இருநூறு ஆண்டுகளை நினைவுகூர்ந்து தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்தவர்களை வழிநெடுகிலும் மன்னார் மக்கள் நீரும் சோறும் தந்து உபசரித்தார்கள். அவர்கள் இப்போது தம் கரைக்காகக் குரல் கொடுக்கும்போது, மாத்தளையின் நாடாளுமன்ற உறுப்பினர்களும் பிரதேச சபைகளும் வாய்மூடி இருப்பது நன்றியில்லாத செயல்.

அரசிடம் நாம் கேட்பவை இவை. மன்னார்த் தீவில் புதிய காற்றாலைகளும் கனிய மணல் அகழ்வும் இல்லை என்பதை வாய்ச்சொல்லாக விடாமல் வர்த்தமானியில் போட வேண்டும். இருக்கும் காற்றாலைகளிலும் கம்பிகளிலும் அடிபட்டுச் சாகும் பறவைகளின் கணக்கைச் சுயாதீன ஆய்வாளர்கள் எடுத்து மாதந்தோறும் வெளியிட வேண்டும். மின் நிலையத்தை நடத்துவோர் தம் கணக்கைத் தாமே வைத்துக்கொள்வது போதாது. வங்காலையின் சட்ட அந்தஸ்தையும் உயர்த்த வேண்டும். வனவிலங்குச் சட்டத்தின்கீழ் சரணாலயம் என்பது மிக மெலிந்த பாதுகாப்பு; தேசிய ஒதுக்ககத்தைச் சுற்றி ஒரு மைல் தூரத்துக்குக் கிடைக்கும் காவல்கூட அதற்குக் கிடையாது. தனியார் காணியை விட்டு, அரச நிலமான சேற்றுவெளியையும் களப்பையும் ஒதுக்ககமாக்கலாம். மேய்ச்சலும் கரைவலையும் தொடரும் என்ற உறுதியை அந்த மக்களுக்கு எழுத்தில் கொடுத்தே அதைச் செய்ய வேண்டும். காவல் என்ற பெயரில் தொழிலைப் பறித்தால் கரையைக் காக்க அங்கே ஆளிருக்காது.

எல்லாவற்றிலும் முக்கியமானது, மத்திய சுற்றாடல் அதிகார சபை ஒரு திட்டத்தை மட்டும் பார்த்து அனுமதி கொடுக்கும் வழக்கத்தை நிறுத்துவது. புதிய இரு திட்டங்களின் 14 காற்றாலைகள் தனியாகப் பார்த்தால் சிறியவை, 30 ஏற்கெனவே நிற்பவை, 168 ஹெக்டேயர் ஒரு மூலை, மேலே ஓர் அணை வேறு அமைச்சின் விடயம். இப்படித் துண்டு துண்டாகப் பார்த்தால் எந்தத் துண்டும் ஈரநிலத்தை அழிப்பதாகத் தெரியாது. அருவியாற்றுப் படுகை முழுவதற்கும், இனாமலுவை முதல் வங்காலை வரை, ஒரே கூட்டுத் தாக்க மதிப்பீடு வேண்டும். அந்த அறிக்கையைப் பொதுமக்கள் படித்துக் கருத்துச் சொல்லும் முப்பது நாட்களில் அது மன்னார் மாவட்டச் செயலகத்திலும் அநுராதபுரத்திலும் மட்டுமல்ல, மாத்தளை மாவட்டச் செயலகத்திலும் தமிழிலும் சிங்களத்திலும் கிடைக்க வேண்டும். தம்புள்ளை, கலேவெல விவசாய அமைப்புகளும் அந்த அறிக்கைக்குத் தங்கள் கருத்தை எழுதி அனுப்ப வேண்டும்.